நாச்சியார் திருமொழியும் வாசற்கோலமும்

பொழுது புலருமுன் வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிடுவது தமிழகத்து மகளிரின் நித்ய வழக்கம். கோலமில்லாத வாசல் துக்கம் நேர்ந்த வீட்டையோ, திதி நடக்கும் வீட்டையோ குறிக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் இவ்வழக்கத்தை நம் ஸம்ப்ரதாயம் எவ்விடத்தில் வைக்கிறது என்று கேட்டால் விடை உடனே வருவதில்லை. பூத்தொடுத்தல், திருவிளக்கேற்றுதல், அமுது சமைத்தல் ஆகியவற்றைக் கைங்கர்யமென்று தயங்காமல் சொல்கிறோம். கோலத்தை மட்டும் மங்கல வழக்கென்றும் பெண்டிர் கைவேலையென்றும் சொல்லி அமைந்துவிடுகிறோம். காலக்ஷேபத்துக்குச் செல்பவர் தம் வாசலில் அன்று இழைக்கப்பட்டதைத் தாண்டியே செல்கிறார். அதைப் பற்றிய பாசுரம் அவர் கையிலுள்ள நூலிலேயே இருக்கிறது.

இவ்வினா இன்று வெறும் ஆராய்ச்சிக்குரியதாக இல்லை. சென்னையின் தென்புறநகரில் தனி வீடுகள் பல அடுக்ககங்களாகிவிட்டன. தாம்பரம் 2021ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. பல்லவபுரம், பம்மல், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களோடு திவ்யதேசமான திருநீர்மலையும் அதனுள் அடங்கியது. இவ்வூர்களில் மண்வாசல் இருந்த இடத்தில் இன்று பொது நடைவழியும், அதில் ஓடு பதித்த இரண்டு மூன்றடி இடமுமே வாசலாக எஞ்சியுள்ளன. மாவு சிந்தினால் வழுக்கும் என்பார் ஒருவர். எறும்பு வரும் என்பார் மற்றொருவர். ஆகவே அச்சிட்ட ஸ்டிக்கர் கோலத்தைத் தரையில் ஒட்டிவிடுகின்றனர். அல்லது ஒருமுறை வண்ணத்தால் வரைந்து அப்படியே விட்டுவிடுகின்றனர். ‘ஒட்டினாலும் கோலம் கோலந்தானே?’ என்று கேட்கும் இளையோரை, வழக்கத்தைக் காட்டி அதட்டுவதால் பயனில்லை. காரணம் சொல்ல வேண்டும். அக்காரணம் நாச்சியார் திருமொழியின் முதலிரண்டு திருமொழிகளிலும் அவற்றுக்குரிய வியாக்யானத்திலும் கிடைக்கிறது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

சொல்லும் பொருளும்

அருளிச்செயலில் ‘கோலம்’ என்னும் சொல் பெரும்பாலும் அழகு, வடிவு, ஒப்பனை என்னும் பொருள்களில் வழங்குகிறது. திருப்பாவையின் 26ஆம் பாசுரத்தில் அது விளக்குக்கு அடைமொழியாக நிற்கிறது. திருவாய்மொழியின் கடைசிப் பதிகத்தில் நிலத்தை எடுத்த வராகப் பெருமானுக்கு அடைமொழியாக வருகிறது. இவ்விடங்களில் அச்சொல்லுக்கும் தரையிலிடும் மாவுக்கோலத்துக்கும் நேரான தொடர்பில்லை.

தரையில் கையால் இழைக்கப்படுவது என்னும் பொருளுக்கு மிக அண்மையில் அச்சொல் வருமிடம் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி, ஐந்தாம் பாசுரம். பதினான்கு திருமொழிகளும் 143 பாசுரங்களும் கொண்ட அப்பிரபந்தத்தில் ஆய்ச்சிறுமியர் வாயிலாக ஆண்டாள் பேசும் பதிகம் அது. நுண்ணிய வெண்மணலைத் தெள்ளியெடுத்து, வீதியில், கண்டார் வியக்கும்படி தாங்கள் இழைத்த கோலம் என்று அவர்கள் சொல்கிறார்கள். அங்கு ஆளப்படும் வினைச்சொல் ‘இழைத்தல்’. இன்றும் நம் இல்லங்களில் ஈரமாவினால் இடுவதை ‘இழைக்கோலம்’ என்கிறோம்; கோட்டை ‘இழை’ என்கிறோம்; சுபகாரியங்களுக்கு இரட்டை இழை வேண்டுமென்கிறோம். பாசுரத்தின் சொல் வீட்டுப் பெண்களின் வாயில் இன்றும் வழக்கிலிருப்பது கருதத்தக்கது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாசுரத்தில் கூறப்படும் கோலம் இன்றைய புள்ளிக்கோலமே என்று சாதிக்க இடமில்லை. சிற்றிலின் ஒப்பனை என்றோ, மணலில் வகுத்த வடிவம் என்றோ கொண்டாலும் பொருள் பொருந்தும். நமக்கு வேண்டுவது உருவ ஒற்றுமை அன்று. வெண்பொடியைக் கொண்டு, வீதியில், பெண்கள் கைவருந்தி இழைத்தார்கள் என்பதும், அதற்கு என்ன நேர்ந்தது என்பதுமே இங்கு வேண்டப்படுபவை.

முதல் திருமொழி: நோன்புக்காக இட்ட மண்டலம்

முதல் திருமொழி காமதேவனை நோக்கியது. தைத் திங்கள் முழுதும் தரையைத் துலக்கி மண்டலமிட்டதையும், மாசி தொடங்கியதும் நுண்மணலால் தெருவை அணிசெய்ததையும் முதற்பாசுரம் சொல்கிறது. அம்மணல் வெண்மணல் என்பதையும், பொழுது வெளுக்குமுன் நீராடியதையும், முள்ளில்லாத சுள்ளிகளை எரியிலிட்டு நோற்றதையும் அடுத்த பாசுரம் சொல்கிறது. தரையைத் துலக்குதல், மண்டலமிடுதல், தெருவை அணிசெய்தல் என்னும் இம்முறையே இன்றைய வாசலிலும் பெருக்குதல், தெளித்தல், இழைத்தல் என்று நடந்துவருகிறது.

இங்கே மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இடம். அணிசெய்யப்பட்டது வீட்டின் உள்ளறை அன்று, தெரு. யாவரும் நடக்குமிடத்தைத் தன்னுடையதாகக் கருதி அழகுபடுத்துகிறாள் ஆண்டாள். இரண்டாவது, நோக்கம். அழகு கருதியே அலங்கரித்ததாக அவள் வாய்விட்டே சொல்கிறாள். மூன்றாவது, பொருள். அவள் எடுத்தது அரிசிமாவு அன்று, மணல். இம்மூன்றாம் செய்திக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் பயனுண்டு.

எம்பெருமானையன்றி மற்றொரு தெய்வத்தைத் தொழாத ஆழ்வார் திருமகள் காமனை வேண்டி நோற்கலாமோ என்பது வியாக்யாதாக்கள் எழுப்பும் வினா. 13ஆம் நூற்றாண்டில் நாலாயிரத்துக்கும் வியாக்யானம் அருளிய பெரியவாச்சான்பிள்ளை, இதற்கு ப்ரேமத்தின் மிகுதியைக் காரணமாகக் காட்டுகிறார். அறியாமையால் வந்த பிழையன்று இது. பிரிவாற்றாமை தந்த கலக்கம். இராமபிரானுக்கு நன்மை வேண்டி அயோத்தி மக்கள் எல்லாத் தேவரையும் தொழுதார்கள் என்று ஸ்ரீராமாயணம் சொல்வது இதற்கு உதாஹரணமாகக் கொள்ளப்படுகிறது. அவர்கள் வேண்டிய பயன் இராமனே. இவள் வேண்டிய பயன் கண்ணனே.

ஆயினும் ஒன்று எஞ்சுகிறது. அம்மண்டலம் ஒரு பேற்றைக் கருதி, அதற்குச் சாதனமாக இடப்பட்டது. காமன் பத்துப் பாசுரங்கள் முழுதும் வேண்டப்படுகிறான். கண்ணனைக் கொண்டுவந்து சேர்த்தானில்லை.

இரண்டாம் திருமொழி: அழிவதற்கு இசைந்த கோலம்

இரண்டாம் திருமொழிக்கு இட்ட அவதாரிகை இவ்விடத்தில்தான் நம் வினாவுக்கு வழி திறக்கிறது. தான் வரவு தாழ்த்தமையால் தன் அடியார் வேறொரு தெய்வத்தின் காலில் விழ நேர்ந்ததே என்று திருவுள்ளம் நொந்து கண்ணன் தானே வருகிறான். அவனிடம் ஊடல் கொண்ட சிறுமியர் அவனை ஏறெடுத்துப் பாராமல் மணலில் சிற்றில் இழைப்பதிலே கருத்தூன்றியிருக்கிறார்கள். தன்னைப் பாராமல் மணலைப் பார்க்கிறார்களே என்று அவன் சிற்றிலை அழிக்கத் தொடங்குகிறான். அழிக்காதே என்று அவர்கள் முறையிடுவதே பதிகம்.

இரு திருமொழிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகும். பயன் கருதி இட்ட மண்டலத்துக்குக் காமனும் விடை சொல்லவில்லை. ஒன்றையும் வேண்டாமல் விளையாட்டாக இழைத்ததன்மேல் எம்பெருமானுடைய திருவடியே வந்து பட்டது. அவனைக் கொண்டுவந்தது நோன்பும் அன்று, கோலமும் அன்று, அவனுடைய பரிவு. கோலத்துக்குக் கிடைத்த பேறு, அவன் வந்தபோது அவன் கால்படும் இடத்தில் இருந்தது என்பதேயாகும். கைங்கர்யத்தை உபாயமாகக் கொள்ளலாகாது என்று நாம் கற்கும் தத்துவத்தை, உதாஹரணத்தோடு சொல்வதற்கு இதைவிட எளிய இடம் அருளிச்செயலில் அரிது. இவ்வாறு இரு பதிகங்களையும் இணைத்துக் கொள்வது அடியேனுடைய யோஜனை. ஆயினும் அவதாரிகையின் போக்குக்கு அது மாறுபடவில்லை.

பதிகத்தின் இரண்டாம் பாசுரத்தில், பொழுதெல்லாம் முதுகு நோக அமர்ந்து இழைத்ததாகச் சிறுமியர் சொல்கின்றனர். குனிந்தும் அமர்ந்தும் கோலமிடும் எப்பெண்ணுக்கும் இவ்வுடல் வருத்தம் புதிதன்று. அவ்வருத்தத்தைச் சொல்லியே காக்கும்படி கேட்கிறார்கள். ஐந்தாம் பாசுரத்தில் நிலைமை மாறுகிறது. இழைத்த கோலத்தை நீ அழித்தாலும் உன்மேல் எங்களுக்குச் சினம் சிறிதுமில்லை, உள்ளம் உருகுவதே உள்ளது என்கிறார்கள். உன் முகத்தில் இருப்பவை கண்கள்தாமே, பார்க்கக்கூடாதோ என்றும் கேட்கிறார்கள். ஒன்பதாம் பாசுரத்தில், உலகமுழுதையும் தாவியளந்தவன் தங்கள் முற்றத்துக்குள் புகுந்து சிற்றிலோடு தங்கள் சிந்தையையும் சிதைக்கலாமோ என்கிறார்கள்.

இவ்வொன்பதாம் பாசுரத்தைத் தென்புறநகர் வாசகர் தம் ஊர்ப் பெருமானை நினைத்தே அனுஸந்திக்கலாம். திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திருநீர்மலையில் எம்பெருமான் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் ஸேவை ஸாதிக்கிறான். மலையடிவாரத்தில் நீர்வண்ணன் நின்ற திருக்கோலம். மலைமேல் நரஸிம்ஹன் வீற்றிருந்த திருக்கோலம், அரங்கநாதன் கிடந்த திருக்கோலம், உலகளந்த பெருமான் நடந்த திருக்கோலம். மூவுலகையும் ஈரடியால் அளந்த அத்திருவடிக்கு ஆய்ப்பாடியின் சிறுமுற்றத்தில் என்ன வேலை என்பதே சிறுமியரின் கேள்வி. பரத்வத்தில் எட்டாதவன் ஸௌலப்யத்தால் ஒரு மணல்வீட்டைச் சிதைக்கும் அளவுக்கு இறங்கி வருகிறான். அழிக்கிறானே என்ற நோவும், வந்தானே என்ற உவப்பும் ஒருங்கே நிற்பதால்தான் சினம் உருக்கமாகிறது.

வாசற்கோலத்தின் இயல்பும் இதுவே. இட்ட நாழிகைக்குள் பால் கொண்டுவருபவர் மிதிப்பார், பள்ளிக்குச் செல்லும் பிள்ளை மிதிக்கும், எறும்பும் அணிலும் அரிக்கும், மழை கரைக்கும். இட்டவள் அதற்காக யாரையும் கடிவதில்லை. காப்பதற்கு வேலியிடுவதில்லை. மறுநாள் மீண்டும் இழைக்கிறாள். செய்ததன்மேல் ‘எனது’ என்னும் பற்றில்லாமல் செய்வதை நூலில் கற்கிறோம். அவள் அதை நாள்தோறும் கையால் செய்கிறாள்.

ஸ்ரீஜயந்தியன்று இக்கருத்து மேலும் தெளிவாகிறது. ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் கைமுட்டியின் பக்கத்தைத் தோய்த்துப் பதித்து, விரல்நுனியால் ஐந்து புள்ளிகள் வைத்து, வாசலிலிருந்து பெருமாள் ஸந்நிதி வரையில் குழந்தைக் கண்ணனின் திருவடிகளை இழைக்கிறோம். சிற்றிலை அழித்த திருவடி எதுவோ அதுவே அன்று கோலமாகிவிடுகிறது. அழிக்க வருகிறவனை வழிகாட்டி உள்ளே அழைக்கும் இவ்வழக்கம் இரண்டாம் திருமொழிக்கு இல்லத்துப் பெண்கள் செய்துவரும் வியாக்யானம் என்றால் மிகையாகாது. திருவாய்மொழிக்கு வாசகமாலை செய்த திருக்கோனேரி தாஸ்யையைப் போல ஏட்டில் எழுதிவைத்த பெண்கள் அரியர். தரையில் எழுதியவர்களோ எண்ணிலர்.

பூமிப்பிராட்டியின் திருமேனி

கோலமிடப்படும் தரை வெறும் தளமன்று. விழித்தெழுந்து கால் ஊன்றுமுன், விஷ்ணுபத்நியே, என் பாதம் படுவதைப் பொறுத்தருள் என்று பூமிப்பிராட்டியை வேண்டும் சுலோகத்தை நம் முன்னோர் நாளும் சொல்லினர். மிதிப்பதற்குப் பொறுமை வேண்டியபின், அவளுக்குச் செய்யும் முதல் உபசாரம் துலக்கி அலங்கரிப்பதுதானே? பூமிப்பிராட்டியின் அவதாரமாகிய ஆண்டாள், பாசி படர்ந்து கிடந்த நிலமகளுக்காக எம்பெருமான் அழுக்கேறிய பன்றியுருக் கொண்டு வந்ததைப் பதினோராம் திருமொழியில் நினைந்து பேசுகிறாள். தேவியின் மாசைப் பொறாதவன், தான் மாசேற இசைந்தான்.

அவ்வராகப் பெருமானைச் சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையிலுள்ள திருவிடவெந்தையில் ஸேவிக்கிறோம். திருவை இடப்பக்கத்தில் கொண்ட எந்தை என்று அத்திருப்பதியின் பெயருக்குப் பொருள் சொல்வர். காலவ மஹரிஷியின் 360 பெண்களை நாளுக்கொருவராக மணந்தான் என்பது தலவரலாறு. அதனால் அவன் நித்யகல்யாணப் பெருமாள். கல்யாணம் நித்யமாகும் வீட்டில் கோலமும் நித்யமாக வேண்டும். பூமி எம்பெருமானுக்குத் தேவியாயின், அவனுடைய உலகமெல்லாம் அவ்வீடே.

துலக்குதலுக்கும் ஆழ்வார் வாக்குண்டு. பத்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில், திருவனந்தபுரத்துத் திருவாசலைப் பெருக்கப்பெற்றால் கொடுவினை நீங்கும் என்கிறார் நம்மாழ்வார். பெருக்குவது இழிந்த வேலை என்னும் எண்ணத்துக்கு அங்கு இடமில்லை. வேதம் தமிழ்செய்த ஆழ்வார் விரும்பிய பணி அது.

தாம்பரத்தில் ஆராய்ந்த கோல இலக்கணம்

கோலம் நாள்தோறும் அழிகிறது என்றால் நிலைப்பது எது? இதற்கு விடையளிக்கும் ஆராய்ச்சி ஒன்று தாம்பரத்திலேயே நடந்திருக்கிறது. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர்களாயிருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, 1974ஆம் ஆண்டில் கோலத்தைக் கணித முறையில் ஆராய்ந்த கட்டுரையொன்றை வெளியிட்டனர். 1978இல் திருவான்மியூர்க் கலாக்ஷேத்ராவின் காலாண்டிதழிலும் கிஃப்ட் சிரோமணி தென்னிந்தியக் கோலங்களைப் பற்றி எழுதினார். கணினியறிவியலில் அப்போது வளர்ந்துவந்த முறைசார் இலக்கணக் கொள்கைக்குக் கோலம் நல்ல எடுத்துக்காட்டாக அவர்களுக்கு அமைந்தது. சில விதிகளை வகுத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு கோலம் மட்டுமன்றி ஒரு கோலக்குடும்பம் முழுவதும் பிறக்கும் என்பது அவர்கள் காட்டியது.

இதை எந்தப் பாட்டியும் அறிவாள். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 என்று வைத்தால் 13 புள்ளிகள். அதில் இழை சுற்றும் முறையைக் கற்ற சிறுமி, 1 முதல் 7 வரை ஏறி இறங்கும் 25 புள்ளிக்கும், 9 வரை செல்லும் 41 புள்ளிக்கும் அதே முறையைக் கொண்டுசெல்கிறாள். புதிதாக மனப்பாடம் செய்வதில்லை. நேராகச் செல், புள்ளியைச் சுற்று, வளைந்து திரும்பு என்னும் சில அசைவுகளையே அவள் கை நினைவில் வைத்திருக்கிறது. கம்பிக்கோலங்களில் சில, ஒரே இழையாகப் புறப்பட்டு எல்லாப் புள்ளிகளையும் சூழ்ந்து தொடங்கிய இடத்துக்கே வந்து முடியும். சில, பல இழைகள் பின்னியவை. ஒற்றை இழைக்கு அந்தர்யாமித்வம் போன்ற உட்பொருள் கற்பிப்பார் உளர். பூர்வாசார்யர்கள் அவ்வாறு அருளியதாகக் காணாமையால் அதைப் பிரமாணமாகக் கொள்ளவேண்டுவதில்லை.

நமக்குரிய பயன் வேறு. கோலம் தரையில் இருக்கும் படமன்று, கையில் இருக்கும் நெறி. படம் அழிந்தாலும் நெறி அழிவதில்லை. ஆனால் நாள்தோறும் இழைத்தால்தான் அது கையில் தங்கும். ஒருத்தி மற்றொருத்திக்குக் காட்டினால்தான் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஓதி ஓதுவித்து வந்த நம் ஸந்தை முறையும் இதுவே. ஓதுவார் இல்லாது போனதால் நாலாயிரமும் மறைந்து, ஒரு பதிகம் மட்டுமே ஓதக் கேட்ட ஸ்ரீமந்நாதமுனிகள் எத்தனை முயன்று எஞ்சியவற்றை மீட்டார் என்பதை அறிவோம். பெரியவாச்சான்பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு இட்ட வியாக்யானத்தின் பெரும்பகுதி கறையானுக்கு இரையானபின், மணவாளமாமுனிகள் அக்குறையை நிறைத்தருளினார். இழப்பு எளிது, மீட்பு அரிது என்பது இந்த ஸம்ப்ரதாயத்துக்குப் புதிய பாடமன்று.

மிதிலையின் சுவர்

பெண்கள் தரையிலும் சுவரிலும் எழுதும் வழக்கம் பாரதமெங்கும் உண்டு. தமிழகத்தில் கோலத்துக்குக் காவிக்கரை இடுவதுபோல், சுவரடியிலும் திண்ணையோரத்திலும் செம்மண்ணும் சுண்ணமும் பட்டையாக இடுவர். கேரளத்துக் களமெழுத்தை ஆடவரே வண்ணப்பொடிகளால் எழுதி, வழிபாட்டின் முடிவில் அழித்துவிடுவர். நமக்கு மிக நெருங்கிய ஒப்புமை ஜனகன் ஆண்ட மிதிலை நாட்டில் கிடைக்கிறது. பீஹாரின் மதுபனிப் பகுதியில் பெண்கள் தரையில் அரிபன் இடுவர். மணவறைச் சுவர்களில் தாமரை, மூங்கில், மீன், தெய்வ உருவங்கள் எழுதுவர். சீதா கல்யாணத்துக்காக நகரை ஓவியங்களால் அணிசெய்யும்படி ஜனகன் ஆணையிட்டதே தம் கலையின் தொடக்கம் என்பது அவர்கள் வழிவழிச் சொல்லும் ஐதிஹ்யம். உழுசாலில் தோன்றியவள் சீதை. துளசித் தோட்டத்து மண்ணில் தோன்றியவள் ஆண்டாள். மண்மகளாய்ப் பிறந்த இரு பிராட்டியரோடும் மண்ணை அணிசெய்யும் வழக்கம் சேர்ந்து வழங்குவது இனிய பொருத்தம். சிற்றில் பதிகத்தின் நிறைவுப் பாசுரத்திலும் ஆண்டாள் சீதையின் பெயரைச் சொல்லியே கண்ணனை அழைக்கிறாள்.

1934ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்தபோது, அங்கு அதிகாரியாயிருந்த ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் அவ்வோவியங்களைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். 1966, 1967ஆம் ஆண்டுகளின் வறட்சிக்காலத்தில் அகில இந்தியக் கைவினை வாரியத்தைச் சார்ந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்ணி ஆகியோரின் முயற்சியால் அப்பெண்கள் காகிதத்தில் எழுதி விற்கத் தொடங்கினர். பசி தணிந்தது, புகழும் வந்தது. 1975இல் ஜகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆயினும் கோலம் அவ்வழி செல்லவில்லை என்பது கருதத்தக்கது. அது விலைக்கு எழுதப்படவில்லை, சட்டத்துக்குள் அடங்கவில்லை, இட்டவள் பெயரையும் தாங்கவில்லை. பதிகங்கள் பலவற்றை விட்டுசித்தன் கோதையென்று திருநாமப் பாட்டால் ஆண்டாள் முத்திரையிடுகிறாள். கோலத்துக்குத் திருநாமப் பாட்டு இல்லை.

அரிசிமாவோ, கல்மாவோ, ஒட்டோ?

இனி இளையோரின் வினாவுக்கு விடை கூறலாம். அரிசிமாவே சாஸ்திரம், கல்மாவு ஆகாது என்று சிலர் கடிந்துரைப்பர். அரிசிமாவினால் எறும்பும் சிறுபறவையும் உண்ணும்; பஞ்ச மஹாயஜ்ஞங்களில் ஒன்றான பூதயஜ்ஞத்தின் பயன் அதில் சேரும். அதற்கு அந்த ஏற்றம் உண்டு. வசதியுள்ளோர் அதையே கொள்வது நன்று. ஆயினும் ஆண்டாள் எடுத்தது வெண்மணல் என்பதை முன்னரே குறித்தோம். வெண்கல்லைப் பொடித்த கோலமாவை வாங்கி இழைக்கும் ஏழைப்பெண்ணின் கோலம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அவள் நாச்சியார் வழியிலேயே நிற்கிறாள்.

ஒட்டுக்கோலத்தின் குறை அதன் பொருளில் இல்லை. முதலாவது, அதில் செயல் இல்லை. ஒட்டிய நாளோடு பணி முடிந்தது. மறுநாள் காலை துலக்குவாரும் இல்லை, குனிவாரும் இல்லை. நித்ய கைங்கர்யத்தில் நித்யம் போய்விட்டது. இரண்டாவது, அது அழிய இசைவதில்லை. சிற்றில் பதிகத்தின் சாரமே அதில் இல்லை. மூன்றாவது, கையின் நெறி அறுந்துவிடுகிறது. தாய் ஒட்டினால் மகளுக்குக் கற்பிக்க ஒன்றுமில்லை. நான்காவது, சங்கும் சக்கரமும் திருவடிகளும் அச்சிட்டவை மிதிபடும் வாசலில் ஆண்டுக்கணக்கில் அழுக்கேறிக் கிடக்கின்றன. திருவிலச்சினைகளை மிதிபடுமிடத்தில் எழுதாமல் ஸந்நிதிக்குள்ளேயே எழுதுவது பல இல்லங்களின் நல்வழக்கம்.

இதனால் ஒட்டுக்கோலம் வைத்திருப்போரைப் பழிப்பது நம் கருத்தன்று. முதுகு வளைக்கவியலாத மூதாட்டியும், இரவுப்பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் பெண்ணும் தாம்பரத்தின் ஒவ்வோர் அடுக்ககத்திலும் இருக்கிறார்கள். முதுகு நோவைப் பாசுரத்திலேயே பதிவுசெய்த பிராட்டி அவர்களைக் கடிய மாட்டாள். அவர்களுக்குப் பதிலாக அவ்வீட்டு ஆடவர் இடலாமோ எனின், தடை ஏதுமில்லை. எம்பெருமானுக்குச் சேஷமாயிருத்தல் ஆத்மாக்கள் அனைத்துக்கும் பொது. துடைப்பத்தையும் மாவுக்கிண்ணத்தையும் எடுப்பதால் யாருக்கும் ஸ்வரூபஹாநி வாராது.

இடம் சிறிதாயினும் கவலையில்லை. 13 புள்ளிக் கோலத்துக்கு ஒரு சாண் போதும். நடைவழி வழுக்குமென்று அஞ்சுவோர் ஈரமாவினால் இழைக்கலாம். சிறு துணித்துண்டை மாவில் தோய்த்து விரல்களுக்கிடையே பிடித்தால் மாவு மோதிரவிரல் வழியே இழையாக இறங்கும். உலர்ந்தபின் தரையோடு படிந்து நிற்கும். மறுநாள் ஈரத்துணியால் துடைக்கப் போகும்.

மார்கழியில் இப்பகுதியின் ஊர்தோறும் திருப்பாவை கோஷ்டிகள் நடக்கின்றன. குழந்தைகளுக்கு முப்பது பாசுரங்களும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றை நடத்துவோர் தை பிறந்ததும் கலைந்துவிடாமல், நாச்சியார் திருமொழியின் முதலிரண்டு பதிகங்களையும் தையிலேயே ஸந்தை சொல்லிவைக்கலாம். அவ்வகுப்பில் கோலமிடத் தெரிந்த மூதாட்டி ஒருவரை அமர்த்தி, ஐந்து வரிசைப் புள்ளியில் இழை சுற்றுவதைச் சிறுவர் சிறுமியர் இருபாலாருக்கும் கற்பிக்கலாம். பாசுரத்தைச் சொல்லும் வாயும் கோலத்தை இழைக்கும் கையும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தால், எந்த அடுக்ககத்தில் குடியேறினாலும் அப்பிள்ளை மறுநாள் காலையில் செய்யவேண்டுவதை யாரும் நினைவூட்ட வேண்டியிராது.